43 வயதை நெருங்கும்போது புது டீம் தேடிய வெர்லாண்டர்: அடுத்து எங்கே? ஒரு முழு அலசல்

அமெரிக்க பேஸ்பாலில் 2025 சீசன் முடிந்த நேரத்து நிலவரம் இது. லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ், டொரன்டோ ப்ளூ ஜேஸை ஏழாவது ஆட்டம் வரை போராடி வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸைத் தக்கவைத்துக்கொண்டது. அதன்பின் நடந்தது வேறொரு ஆட்டம். மைதானத்தில் இல்லை, போனிலும் மீட்டிங் அறைகளிலும். எந்த வீரர் எந்த அணிக்குப் போகப் போகிறார் என்ற குளிர்காலச் சந்தை.

இந்தச் சந்தையில் பல நூறு கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்குக் காத்திருந்த இளம் நட்சத்திரங்கள் இருந்தார்கள். ஆனால் ரசிகர்கள் ஆர்வமாகக் கவனித்த பெயர்களில் ஒன்று, 2026 பிப்ரவரி 20-ம் தேதி 43 வயதைத் தொடவிருந்த ஒரு பிட்சருடையது: ஜஸ்டின் வெர்லாண்டர். அவரிடம் அப்போது அணி இல்லை. ஓய்வு பெறும் எண்ணமும் இல்லை. 45 வயது வரை ஆட வேண்டும் என்பதைப் பல வருடங்களாகவே சொல்லிவருகிறார்.

அவர் எங்கே போவார், ஏன் போவார், 43 வயது பிட்சருக்கு ஒரு அணி ஏன் காசு கொடுக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த வெர்லாண்டர்?

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. வெர்ஜீனியா மாநிலத்துக்காரர். 2004 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை எடுத்தது. 2005 ஜூலை 4-ல் அறிமுகம். அடுத்த வருடமே சிறந்த புதுமுக வீரர் விருது. 2011-ல் 24 வெற்றி, 5 தோல்வி, 250 ஸ்ட்ரைக்-அவுட். அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது இரண்டையும் ஒன்றாக வாங்கினார். பிட்சர் ஒருவர் இரண்டாவது விருதையும் வாங்குவது ரொம்ப அபூர்வம்.

2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்குச் சில விநாடிகள் இருக்கும்போது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு மாறினார். அதே வருடம் வேர்ல்ட் சீரிஸ் பட்டம். 2019-ல் இரண்டாவது சை யங். 2020-ல் முழங்கையில் டாமி ஜான் சர்ஜரி. 2021 முழுக்க ஆடவில்லை. அத்தோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2022-ல் திரும்பி வந்து, 39 வயதில் 18 வெற்றி, 4 தோல்வி, மூன்றாவது சை யங், இரண்டாவது வேர்ல்ட் சீரிஸ் பட்டம்.

2025 வரை மொத்தக் கணக்கு: 266 வெற்றிகள், 3,553 ஸ்ட்ரைக்-அவுட்கள், எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத 'நோ-ஹிட்டர்' ஆட்டங்கள் மூன்று. ஓய்வு பெற்றால் ஹால் ஆஃப் ஃபேம் உறுதி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்புறம் ஏன் டீம் இல்லாமல் இருந்தார்?

2022 முடிந்ததும் நியூயார்க் மெட்ஸ் இரண்டு வருடத்துக்கு 8.66 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. வருடத்துக்கு 4.33 கோடி. அப்போது அதுதான் வருட சராசரிச் சம்பளத்தில் உச்சம். அதே அணியில் இருந்த மேக்ஸ் ஷெர்சருக்கும் அதே தொகை. மெட்ஸின் திட்டம் படுத்துவிட, 2023 ஆகஸ்ட்டில் வெர்லாண்டர் மறுபடி ஹூஸ்டனுக்கே போனார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 2024-ல் 140 இன்னிங்ஸ் வீசினால், 2025-க்கு 3.5 கோடி டாலர் சம்பளம் பெறும் உரிமை கிடைக்கும். (பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது.) தோள்பட்டையும் கழுத்தும் படுத்தியதில் 2024-ல் 17 ஆட்டங்களையே அவரால் தொடங்க முடிந்தது. சுமார் 90 இன்னிங்ஸ், சராசரி 5.48. பிளே-ஆஃப் அணியிலேயே ஹூஸ்டன் அவரைச் சேர்க்கவில்லை. 3.5 கோடி பறிபோனது. 2025-க்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் 1.5 கோடி டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டது. அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டது. அதனால் அப்போது 'ஃப்ரீ ஏஜென்ட்'.

நம்ம ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்த அணியோடும் பேசலாம். அணிக்குப் பிடித்தால் மட்டும் போதாது, வீரருக்கும் பிடிக்க வேண்டும். வெர்லாண்டர் விஷயத்தில் இந்த இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம்.

4 வெற்றி, 11 தோல்வி... இவரை யார் எடுப்பார்கள்?

2025-ன் ரெக்கார்டைப் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயம்தான். ஜெயன்ட்ஸுக்காக முதல் வெற்றியைப் பெறவே அவருக்கு 17 ஆட்டங்கள் ஆனது. ஜூலை 23-ம் தேதி, அட்லான்டாவில்தான் அது கிடைத்தது. அதற்கு முன் 8 தோல்விகள்.

ஆனால் பிட்சரின் 'வெற்றி' என்பது கொஞ்சம் ஏமாற்றுக் கணக்கு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் பிட்சர்கள் அந்த முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும். அவர் பிரமாதமாக வீசியும் நம்ம பேட்டர்கள் ரன் அடிக்கவில்லை என்றால் வெற்றி இல்லை. வெர்லாண்டர் தொடங்கிய 29 ஆட்டங்களில் 14-ல் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

அணிகளின் அலுவலகங்களில் இருப்பவர்கள் பார்ப்பது வேறு எண்களை.

ஒன்று, 152 இன்னிங்ஸ். மே, ஜூனில் நெஞ்சுத் தசைப் பிடிப்பால் கொஞ்ச நாள் வெளியே இருந்தும் இவ்வளவு வீசியிருக்கிறார். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில், இளம் பிட்சர்களின் முழங்கைகளே வரிசையாகப் பழுதாகும் காலத்தில், 150 இன்னிங்ஸ் தருபவர் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டு, 3.85 என்ற சராசரி. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு இது. 2022-ல் அவர் வைத்திருந்த 1.75-ஓடு ஒப்பிட்டால் சுமார்தான். ஆனால் 2024-ன் 5.48-ஓடு ஒப்பிட்டால் பெரிய மீட்சி.

மூன்று, வேகம். அவருடைய ஃபாஸ்ட்பால் 2025-லும் சராசரியாக மணிக்கு 94 மைல், அதாவது 151 கி.மீ. அளவில் போனது. 41 வயது வரை டெஸ்ட் ஆடிய ஜேம்ஸ் ஆண்டர்சன் ஸ்விங்கை நம்பித் தாக்குப்பிடித்தார். வெர்லாண்டர் இந்த வயதிலும் வேகத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

நான்கு, அந்த 4 வெற்றிகளுமே ஜூலை 23 முதல் வந்தவை. சீசனின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் தெளிவாக நன்றாக வீசினார். உடம்பு தேறியதா, டெக்னிக்கைச் சரிசெய்தாரா, எதுவாக இருந்தாலும் ஒரு அணி கடைசியாகப் பார்த்த வெர்லாண்டர் நல்ல வெர்லாண்டர்.

சுருக்கமாகச் சொன்னால், இவர் இனி ஒரு அணியின் முதல் பிட்சர் கிடையாது. ஐந்து பேர் மாறி மாறித் தொடங்கும் வரிசையில் நான்காவது, ஐந்தாவது இடத்துக்கு நல்ல தேர்வு.

ஒரு எச்சரிக்கைக் கதையும் இருக்கு

2024-25 குளிர்காலத்தில் 40-ஐத் தாண்டிய மூன்று பிட்சர்கள் கிட்டத்தட்ட ஒரே விலைக்குப் போனார்கள். வெர்லாண்டர் 1.5 கோடி, ஷெர்சர் டொரன்டோவுக்கு 1.55 கோடி, சார்லி மார்ட்டன் பால்டிமோருக்கு 1.5 கோடி. மூவருக்கும் ஒரு வருடம்தான்.

என்ன ஆனது? ஷெர்சர் சீசன் முழுக்கத் தடுமாறி 5.19 சராசரியில் முடித்தார். ஆனால் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம்தான் கொடுக்கப்பட்டது. மார்ட்டன் பால்டிமோரில் சொதப்பி, பாதியில் டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டு, செப்டம்பரில் அங்கிருந்தும் கழற்றிவிடப்பட்டார். கடைசியில் தன் பழைய அணியான அட்லான்டாவில் சீசனை முடித்தார்.

ஒரே வயது, ஒரே விலை, மூன்று விதமான முடிவு. இந்த வயது பிட்சரை எடுப்பது என்பது இதுதான். அதனால் இந்த முறையும் ஒரு வருடத்துக்கு மேல் எந்த அணியும் தருவது கஷ்டம்.

அவருக்கு என்ன வேண்டும்?

பணம் இல்லை. அதை அவர் நிறையச் சம்பாதித்துவிட்டார். வேண்டியது 300.

பேஸ்பாலில் 300 வெற்றிகளைத் தொட்டவர்கள் இதுவரை 24 பேர். கடைசியாகத் தொட்டவர் ரேண்டி ஜான்சன், 2009-ல். அவரும் அப்போது ஜெயன்ட்ஸ் அணியில்தான் இருந்தார். 2025 முடிவில் வெர்லாண்டருக்கு இன்னும் 34 வெற்றிகள் தேவைப்பட்டன. 2023 முதல் 2025 வரையிலான மூன்று சீசன்களில் அவர் பெற்றவை 13, 5, 4. மொத்தம் 22.

இதே வேகத்தில் போனால் நடக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருடத்துக்கு 12 வெற்றி என்று வைத்தால்கூட மூன்று சீசன் வேண்டும். அதாவது 45 வயது சீசன் வரை. அவர் '45' என்று சொல்லும்போது அந்த எண் சும்மா வரவில்லை.

இது அவரோட தனிப்பட்ட ஆசை மட்டும் இல்லை. இவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 223 வெற்றிகளோடு கிளேட்டன் கெர்ஷா 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டார். 2025 முடிவில் ஷெர்சருக்கு 221, வயது 41. அடுத்த தலைமுறையின் பெரிய பெயரான கெரிட் கோலுக்கு 35 வயதில் 153. 2025 முழுக்க சர்ஜரியால் அவர் ஆடவில்லை. இன்றைய அணிகள் பிட்சரை ஐந்து, ஆறு இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிடுகின்றன. வெற்றி பெறும் வாய்ப்பே குறைந்துவிட்டது. வெர்லாண்டர் 300-ஐத் தொடவில்லை என்றால், இனி ஒருவர் தொடுவதை நாம் பார்ப்போமா என்பதே சந்தேகம்.

பக்கத்திலேயே எட்டிப்பிடிக்கக்கூடிய இன்னொரு பட்டியலும் இருக்கிறது. ஸ்ட்ரைக்-அவுட்களில் 2025 முடிவில் எல்லாக் காலத்துக்குமான வரிசையில் எட்டாம் இடம். ஏழாவதில் டான் சட்டன், 3,574. ஆறாவதில் டாம் சீவர், 3,640. 2025-ல் எடுத்தது போல இன்னொரு 137 எடுத்தால் இருவரையும் ஒரே வருடத்தில் தாண்டிவிடுவார்.

ஆக, அவர் தேடும் அணிக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: வழக்கமாகத் தொடங்க வாய்ப்பு, ரன் அடிக்கும் பேட்டர்கள், பிளே-ஆஃப் நம்பிக்கை.

சரி, எந்த டீம்?

சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ். கூடவே இருந்து பார்த்த அணி. கடற்காற்று அடிக்கும் ஓரக்கிள் பார்க் மைதானத்தில் ஹோம் ரன் அடிப்பது கஷ்டம். பந்தைத் தூக்கி அடிக்கவைக்கும் வெர்லாண்டர் மாதிரி பிட்சருக்கு அது வரம். லோகன் வெப், ராபி ரே, லாண்டன் ரூப் இருந்த வரிசையில் அப்போது இன்னும் இடம் இருந்தது. சிக்கல்: 2025-ல் 81 வெற்றி, 81 தோல்வி என்று பாதியில் நின்ற அணி. மேனேஜர் பாப் மெல்வினை நீக்கிவிட்டு, டென்னசி பல்கலைக்கழகக் கோச் டோனி விடெல்லோவைக் கொண்டுவந்திருக்கிறார் அணித் தலைவர் பஸ்டர் போஸி. புதிய தொடக்கத்தில் 43 வயதுக்காரருக்கு இடம் கொடுப்பார்களா, அல்லது இளைஞர்களை முயற்சிப்பார்களா?

டெட்ராய்ட் டைகர்ஸ். மனசு சொல்லும் பதில் இதுதான். 266-ல் 183 வெற்றிகள் இந்தச் சட்டையில் வந்தவை. இரண்டு முறை, 2006-லும் 2012-லும், வேர்ல்ட் சீரிஸ் வரை போய்த் தோற்றார். 1984-க்குப் பிறகு அந்த ஊருக்குப் பட்டம் இல்லை. ஆனால் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2024, 2025 இரண்டிலும் சை யங் வாங்கிய டாரிக் ஸ்கூபல் இங்கே இருக்கிறார். 2026-க்குப் பிறகு அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதனால் 2026 சீசன்தான் டெட்ராய்ட்டுக்கு 'இப்போ இல்லைன்னா எப்போ' சீசன். இளம் பிட்சர் ஜாக்சன் ஜோப் ஜூனில் டாமி ஜான் சர்ஜரிக்குப் போனதால் இன்னிங்ஸ் பற்றாக்குறையும் உண்டு. மேனேஜர் ஏ.ஜே.ஹின்ச், 2017-ல் ஹூஸ்டனில் வெர்லாண்டரோடு பட்டம் வென்றவர். சிக்கல்: மார்ட்டன் விஷயத்தில் சூடு பட்ட அணி. இன்னொரு வயதானவரை எடுக்குமுன் இரண்டு முறை யோசிக்கும்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். இரண்டு பட்டம், இரண்டு சை யங் கிடைத்த இடம். 2025-ல் 87 வெற்றி பெற்றும், 2016-க்குப் பிறகு முதல் முறையாக பிளே-ஆஃபைத் தவறவிட்டது. முக்கிய பிட்சர் ஃப்ராம்பர் வால்டெஸ் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்டார். தேவை இருந்தது. ஆனால் 2024-ல் பிளே-ஆஃப் அணியில் இடமில்லை என்று சொன்னதும் இதே அணி. மூன்றாவது முறை சேர்வது இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் சங்கடம்.

சான் டியேகோ பட்ரேஸ். யூ டார்விஷ் முழங்கை சர்ஜரியால் 2026 முழுக்க ஆடமாட்டார். டிலன் சீஸ், மைக்கேல் கிங் இருவரும் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்கள். காலி இடம் நிறைய, பட்ஜெட் குறைவு. குறைந்த அடிப்படைச் சம்பளமும் போனஸும் கலந்த ஒப்பந்தத்துக்கு இந்த மாதிரி அணிதான் முன்வரும்.

டாட்ஜர்ஸ்? பட்டம் வேண்டுமென்றால் அதுதான் பெஸ்ட். ஆனால் அங்கே ஏற்கெனவே பிட்சர்கள் கூட்டம். வழக்கமாகத் தொடங்கும் வாய்ப்பு கிடைக்காது. 300 கனவுக்கு அது ஒத்துவராது.

ஒப்பந்தம் எப்படி இருக்கும்?

இங்கே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, இவரை எடுக்கும் அணிக்கு அபராதம் இல்லை. பழைய அணி 'குவாலிஃபையிங் ஆஃபர்' கொடுத்து, அதை மறுத்துவிட்டு வரும் வீரரை எடுத்தால், புது அணி டிராஃப்ட் வாய்ப்புகளை இழக்க வேண்டும். ஒரு வீரருக்கு இதை வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். வெர்லாண்டருக்கு 2021-லேயே ஹூஸ்டன் கொடுத்துவிட்டது.

இரண்டாவது, போனஸ். பேஸ்பால் விதிப்படி 'இத்தனை வெற்றிக்கு இவ்வளவு', 'சராசரி இதற்குக் கீழே இருந்தால் இவ்வளவு' என்றெல்லாம் எழுத முடியாது. எத்தனை இன்னிங்ஸ் வீசினார், எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்பதற்கு எழுதலாம். உடல் தாங்குமா என்ற அணியின் பயத்தை இப்படிச் சமாளிக்கலாம்: ஆடினால் காசு, ஆடாவிட்டால் அடிப்படைச் சம்பளம் மட்டும்.

மூன்றாவது, சம்பளத்தின் ஒரு பகுதியைப் பல வருடம் தள்ளிக் கொடுப்பது. டாட்ஜர்ஸில் ஷோஹெய் ஓத்தானி தன் 70 கோடி டாலரில் 68 கோடியைப் பின்னால் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அவசரமாகப் பணம் தேவைப்படாத மூத்த வீரர், தனக்குப் பிடித்த அணிக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி இது.

எப்போது தெரியும்?

கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் ஆர்லாண்டோவில் வின்டர் மீட்டிங்ஸ் நடந்தது. முதலில் பெரிய பிட்சர்கள் போவார்கள். அவர்களைத் தவறவிட்ட அணிகள்தான் அடுத்த கட்டத்துக்கு இறங்கிவரும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வெர்லாண்டர் ஜனவரியில்தான் கையெழுத்திட்டார். பயிற்சி முகாம்கள் பிப்ரவரி நடுவில் தொடங்கும். அதுவரை இழுத்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் காலாவதியாகிறது. போன முறை காலாவதியானபோது 99 நாள் லாக்-அவுட் நடந்தது. அப்போது எப்படியோ முழு சீசனையும் ஆடிமுடித்தார்கள். இந்த முறை சம்பள உச்சவரம்பு பற்றிய சண்டை இன்னும் கடுமையாக இருக்கும் என்று பேச்சு. 25 வயது வீரருக்கு சில மாதங்கள் போனால் போனதுதான். 44 வயதை நெருங்கும் ஒருவருக்கு 2027-ல் பாதி சீசன் போனாலும், 300 என்ற பேச்சே முடிந்துவிடும்.

அப்போ நம் கணிப்பு?

டெட்ராய்ட் முதலிடம், ஜெயன்ட்ஸ் இரண்டாமிடம். சென்டிமென்ட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. ஸ்கூபல் இருக்கும் கடைசி உறுதியான வருடத்தில், ஐந்தாவது ஆளாக 130 முதல் 150 இன்னிங்ஸ் தரக்கூடிய, பெரிய ஆட்டங்கள் பார்த்த ஒருவர் டைகர்ஸுக்குத் தேவை. வெர்லாண்டருக்கு, வெற்றிகள் கிடைக்க வாய்ப்புள்ள அணி தேவை. இரண்டு தேவைகளும் பொருந்தும் இடம் அதுதான். டெட்ராய்ட் அதற்குள் வேறு பிட்சரிடம் பணத்தைச் செலவழித்துவிட்டால், பழகிய மைதானமான சான் ஃபிரான்சிஸ்கோ அடுத்து வரும்.

300 கிடைக்குமா? நேர்மையாகச் சொன்னால் கஷ்டம். நோலன் ரயான் 44 வயதில் நோ-ஹிட்டர் வீசியிருக்கிறார், ஜேமி மோயர் 49 வயதில் ஆட்டம் ஜெயித்திருக்கிறார், ஆகவே முடியாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், 2021-ல் ஒரு பந்துகூட வீச முடியாமல் இருந்தவர் 2026-க்கு அணி தேடிக்கொண்டிருந்தார். அப்போதைய கேள்வி, 2026 ஏப்ரலில் அவர் எந்தத் தொப்பியோடு மேட்டில் ஏறி நிற்பார் என்பதே.